அத்தியாயம் 4: பிரெஞ்சு படிக்க வெளிநாடு – எந்தப் பள்ளி?

ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று வீட்டில் தெலுங்கு பேசும், தெருவில் தமிழ் பேசும், பள்ளியில் ஆங்கிலம் படிக்கும். மூன்றையும் அது ஒரே விதமாகக் கற்கவில்லை. தெலுங்கும் தமிழும் காதில் விழுந்து வந்தவை. ஆங்கிலம் மட்டும் புத்தகத்திலிருந்து வந்தது, பல வீடுகளில் இன்னும் புத்தகத்தை விட்டு வெளியே வராமலே இருக்கிறது. பிரெஞ்சு படிக்கக் கடல் கடந்து போகலாமா என்று யோசிக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கு மொழி எப்படி வருகிறது என்பது நன்றாகவே தெரியும். தெரியாதது, அந்த வழியை விலை கொடுத்து வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கப் படிகளை இங்கேயே முடித்துவிடுங்கள். பிரான்ஸின் தெருவும் கடையும் பேருந்தும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் நிலைக்கு வந்த பிறகு அங்கே போங்கள். பள்ளியின் பெயரைவிட, எந்த நிலையில் போய் இறங்குகிறீர்கள் என்பதே செலவழித்த பணம் வீணாகுமா பலிக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

எதற்காகப் போகிறீர்கள்?

பிளஸ் டூவிலும் கல்லூரியில் முதல் பகுதி மொழியாகவும் பிரெஞ்சு எடுத்துப் படித்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். மதிப்பெண் அள்ளித்தரும் பாடம் என்று எடுத்திருப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வாங்கியும் இருப்பார்கள். அந்த மதிப்பெண்ணை நம்பிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிரான்ஸில் எந்த மொழிப்பள்ளியும் சேரும்போது ஒரு நிலைத்தேர்வு வைக்கும், அதில் பேச்சும் உண்டு. வினைச்சொல் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தவர், எதிரில் இருப்பவர் "வார இறுதியில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதும் திகைத்தால், அவரை அடிப்படை வகுப்பில்தான் உட்கார வைப்பார்கள்.

கிருஷ்ணன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ பொறியியல் படித்துவிட்டு பிரான்ஸில் முதுகலைக்குப் போக நினைப்பவர் வேறு ரகம். ஆங்கிலத்தில் நடத்தும் முதுகலைப் படிப்புகள் அங்கே நிறைய உண்டு. அதற்குப் பிரெஞ்சு கட்டாயமில்லை என்றாலும் வீடு தேடவும் பயிற்சி வேலை பிடிக்கவும் பிரெஞ்சு இல்லாமல் முடியாது. அரசுப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு வழிப் படிப்பில் சேர வேண்டுமானால் பெரும்பாலும் ஆறு நிலைகளில் நான்காவதான பி2 நிலை கேட்பார்கள். இவருக்கு ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ பல்கலைக்கழக மொழி மையத்தில் படிப்பது பொருந்தும்.

கனடாவுக்குக் குடிபெயர நினைத்துப் பிரெஞ்சு படிப்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். 2023-இல் கனடா தன் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனித் தேர்வுச் சுற்றுகளைத் தொடங்கியதுதான் காரணம். அவர்களுக்கு வேண்டியது டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் கனடிய அளவுகோலில் ஏழாம் நிலை. இந்தத் தேர்வு முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். தேர்வுக்காக மட்டும் என்றால் பிரான்ஸுக்குப் போக வேண்டியதே இல்லை. நல்ல ஆசிரியரும் பேச்சுக்கு ஒரு துணையும் கிடைத்தால் இங்கிருந்தே எழுதலாம். பேச்சில் மட்டும் மாதக்கணக்கில் முட்டி நிற்பவர் நான்கு முதல் எட்டு வாரம் போய்வருவதில் பொருள் உண்டு.

நான்காவதாக ஒரு சிறு கூட்டமும் இருக்கிறது. சத்திரப்பட்டியில் காஸ் துணியும் பேண்டேஜும் நெய்து ஏற்றுமதி செய்யும் குடும்பத்தில் அடுத்த தலைமுறை, பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவச் சந்தையைக் கண்ணில் வைத்து மொழி கற்க நினைக்கலாம். அவருக்குச் செமஸ்டர் படிப்பு வேண்டாம். தனி ஆசிரியரோடு, விலைப்பட்டியலும் கடிதமும் தொலைபேசிப் பேச்சும் பாடமாக அமையும் இரண்டு மூன்று வாரமே போதும்.

இந்த நால்வருக்கும் ஒரே பள்ளியைக் காட்டும் ஏஜென்டிடம் இருந்து விலகி நில்லுங்கள்.

இங்கேயே முடிக்க வேண்டியது

பிரெஞ்சின் நிலைகளை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறாகப் பிரித்திருக்கிறார்கள். சுழியத்திலிருந்து ஏ2 முடிக்க வகுப்பில் மட்டும் ஏறக்குறைய 160 முதல் 200 மணி நேரம் ஆகும். பி1 முடிக்கும்போது மொத்தம் 360 முதல் 400 மணி நேரத்தைத் தொட்டிருப்பீர்கள். இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம், யூரோவுக்கு 100 ரூபாய் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். பிரான்ஸில் ஓரளவு நல்ல பள்ளியில் தீவிர வகுப்புக்கு வாரம் 200 முதல் 350 யூரோ வரை வாங்குவார்கள். வாரத்துக்கு 15 மணி நேரம் என்றால் ஏ2 வரை வர 13 வாரம் ஓடிவிடும். வாரம் 250 யூரோ என்று பார்த்தாலும் பள்ளிக் கட்டணமே 3 லட்சம் ரூபாயைத் தாண்டும். மாணவருக்கு மாதம் 615 யூரோவாவது கையில் இருக்க வேண்டும் என்பது விசா வழக்கம். பாரிஸில் அது போதாது. ஆக மூன்று மாதத்துக்கு 5 லட்சம். அதில் கற்பது வணக்கம், எண்கள், நேரம், குடும்பம், உணவு, கடைக்குப் போவது.

இதே பாடத்தை சென்னையில் 1953-இல் தொடங்கப்பட்ட அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் மிகச் சிறு செலவில் படிக்கலாம். அலியான்ஸ்கள் இப்போது ஆன்லைனிலும் வகுப்பு நடத்துவதால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாடத்தெருவில் உட்கார்ந்தபடியே சேரலாம். தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் திருவனந்தபுரத்திலும் ஓர் அலியான்ஸ் இருக்கிறது. சென்னைதான் என்றில்லை.

புதுச்சேரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே அலியான்ஸ் 1889-இல் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1826 முதல், பிரெஞ்சு லிசே பள்ளி இயங்கி வருகிறது. 1954 நவம்பரில் ஆட்சி கைமாறி, 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. அந்த வீடுகளில் தமிழும் பிரெஞ்சும் ஒரே பேச்சில் புழங்கும். நம் மாவட்டத்திலிருந்து பிரான்ஸுக்குக் கிளம்பும் எவரும் அதற்கு முன் ஒரு கோடை விடுமுறையைப் புதுச்சேரியில் கழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழ் மனதில் பிரெஞ்சு எங்கே இடறும் என்பதை அங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். பிரான்ஸில் உங்களுக்குக் கிடைக்கும் ஆசிரியர், வாழ்நாளில் ஒரு தமிழரையும் பார்த்திராதவராக இருக்கலாம்.

இடறும் இடங்கள் சில உண்டு. நம் எழுத்தில் ப-வுக்கும் அதன் அதிர்வொலிக்கும் வேறுபாடு இல்லை, க, த-வும் அப்படியே. பிரெஞ்சில் அந்த வேறுபாட்டில் பொருளே மாறும். மீனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் 'ஸ்' என்று சொல்வதை அதிரவிட்டுச் சொன்னால் மீன் விஷமாகிவிடும். மூக்கொலி உயிர்களும் முதலில் காதில் பிரியாது. ஆனால் ஆங்கிலேயர் மாதக்கணக்கில் திணறும் ஒன்று நமக்குத் தானாக வரும்: பிரெஞ்சின் ப, த, க ஒலிகள் மூச்சு வெடிக்காமல், த பல்லில் நாக்குப் படும்படி, ஏறக்குறைய தமிழில் போலவே ஒலிக்கும். ஆகவே பள்ளிக்கு எழுதும்போது உச்சரிப்புக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். "எல்லா வகுப்பிலும் உச்சரிப்பு வரும்" என்று பதில் வந்தால் தனி வகுப்பு இல்லை என்று பொருள்.

கையில் டெல்ஃப் ஏ2 சான்றிதழோடு போவது நல்லது. 1985-இல் பிரெஞ்சு அரசு ஏற்படுத்திய இந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. இங்கே அலியான்ஸ்களில் எழுதலாம். விசா நேர்காணலிலும் அது உங்களுக்காகப் பேசும்.

பள்ளிகள் எத்தனை வகை?

பிரான்ஸில் வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு சொல்லித்தரும் இடங்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பல்கலைக்கழகத்தோடு இணைந்த மையங்கள். இவற்றில் செப்டம்பரிலும் ஜனவரி–பிப்ரவரியிலும் செமஸ்டர் தொடங்கும். பெரும்பாலும் நடுவில் சேர முடியாது. வகுப்பில் ஆட்கள் கொஞ்சம் கூட இருப்பார்கள். ஆனால் மாணவர் உணவகம், நூலகம், விளையாட்டு, பிரெஞ்சு மாணவர்களின் பழக்கம் எல்லாவற்றுக்கும் வழி கிடைக்கும். கிரெனோபிளில் வெளிநாட்டு மாணவர்களுக்கான பாடங்கள் 1896-லேயே தொடங்கிவிட்டன. விக்டர் ஹியூகோ பிறந்த பெசான்சோனில் 1958 முதல் பயன்பாட்டு மொழியியல் மையம் இயங்குகிறது. பாரிஸில் சோர்போனின் நாகரிகப் பாடங்கள் 1919-இல் தொடங்கியவை.

இரண்டாவது வகை, அலியான்ஸ்களும் லாபநோக்கற்ற அமைப்புகளும். பெரும்பாலும் எந்தத் திங்கட்கிழமையும் சேரலாம். விஷி நகரில் 1964-இல் தொடங்கிய காவிலாம் இவற்றில் பெயர்பெற்றது. பிரெஞ்சு ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் இடம் அது. தூர் நகரில் 1912 முதல் இருக்கும் தூரேன் நிறுவனத்தையும் பலர் சொல்வார்கள். தூரில் பேசுவதுதான் கலப்பற்ற பிரெஞ்சு என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த ஊர் நல்ல ஊர், வாடகை பாரிஸைவிடக் குறைவு. போக அதுவே போதுமான காரணம்.

மூன்றாவது, தனியார் பள்ளிகள். சில மிகச் சிறந்தவை, சில ஒரு மாடி அறையும் நான்கு பகுதிநேர ஆசிரியர்களும் கொண்டவை. படத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய உதவுவது ஒரு தரச்சான்று. 'கலித்தே எஃப்.எல்.இ.' என்று பெயர். உயர்கல்வி, பண்பாடு, வெளியுறவு என மூன்று பிரெஞ்சு அமைச்சகங்கள் சேர்ந்து 2007 இறுதியில் ஏற்படுத்தியது. இதை நடத்துவது செவ்ர் நகரில் உள்ள பிரான்ஸ் எடுகாசியோன் அன்தெர்நாசியோனால் என்ற அரசு நிறுவனம். தணிக்கையாளர்கள் நேரில் போய், பாடம், ஆசிரியர்கள், வரவேற்பும் துணையும், கட்டடமும் பாதுகாப்பும், நிர்வாகம் என்று ஐந்து பகுதிகளைப் பார்க்கிறார்கள். சான்று நான்கு வருடம் செல்லும், பிறகு மறுபடி தணிக்கை. பிரான்ஸ் முழுவதும் ஏறக்குறைய நூறு பள்ளிகள் இதைப் பெற்றிருக்கின்றன. பள்ளியின் விளம்பரத்தில் சான்றின் சின்னம் இருப்பதை மட்டும் பார்த்து நம்பாமல், தரச்சான்றின் அதிகாரப்பூர்வ இணையப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். ஒவ்வொரு பள்ளியின் தணிக்கை விவரமும் அங்கேயே இருக்கும். பட்டியலில் இல்லாத பள்ளிக்கு ராஜபாளையத்திலிருந்து பணம் அனுப்பத் தேவையே இல்லை. நூறு பள்ளி இருக்கும்போது நூற்றொன்றாவது எதற்கு?

பள்ளிக்கு எழுத வேண்டிய கடிதம்

மூன்று நான்கு பள்ளிகளைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். பிரெஞ்சில் எழுத முடிந்தால் பிரெஞ்சில், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். பதில் வரும் வேகமும் தெளிவுமே பள்ளியைப் பற்றிப் பாதி சொல்லிவிடும். பொதுவான விளம்பரத்தாளைத் திருப்பி அனுப்பும் பள்ளியை அப்போதே தள்ளிவிடலாம்.

முதல் கேள்வி நேரத்தைப் பற்றி. "வாரம் 20 பாடம்" என்று எழுதியிருந்தால் ஒரு பாடம் எத்தனை நிமிடம் என்று கேட்டே தீர வேண்டும். பல பள்ளிகளில் பாடம் என்பது 45 நிமிடம். அப்படியென்றால் 20 பாடம் 15 மணி நேரம். இன்னொரு பள்ளி 20 மணி நேரம் என்று முழு மணியாகச் சொல்லியிருக்கும். இரண்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மலிவாகத் தெரிந்தது மலிவல்ல என்று புரியும். 12 வாரத்தில் இந்த வித்தியாசம் 60 மணி நேரம். ஏ2-விலிருந்து பி1 வரை போக ஆகும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது.

விடுமுறையைக் கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கு வசதி ஏப்ரல், மே. பிரான்ஸில் மே மாதம் அரசு விடுமுறைகள் நெருங்கி வரும் மாதம்: 1-ஆம் தேதி, 8-ஆம் தேதி, பிறகு இயேசு விண்ணேற்ற வியாழன், சில வருடங்களில் பெந்தகோஸ்து திங்களும். விடுபட்ட வகுப்பை ஈடுகட்டுவார்களா, கட்டணத்தில் கழிப்பார்களா, இரண்டும் இல்லையா? பல பள்ளிகளில் இரண்டும் இல்லை. நிபந்தனைகளின் பொடி எழுத்தில் அது இருக்கும்.

வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர், நீங்கள் போகும் மாதத்தில் வழக்கமாக எந்தெந்த நாட்டவர் வருகிறார்கள் என்று கேளுங்கள். பன்னிரண்டு பேருக்குள் இருந்தால் நல்லது, பதினைந்தைத் தாண்டினால் பேச வாய்ப்புக் குறையும். பாதி வகுப்பு ஒரே நாட்டவராக இருந்தால் இடைவேளையில் அவர்கள் மொழிதான் ஓடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, உங்கள் ஏஜென்ட் இதே ஊரிலிருந்து ஐந்தாறு பேரைச் சேர்த்து அனுப்புகிறாரா என்பது. பெற்றோருக்கு அது பாதுகாப்பாகத் தெரியும். பிள்ளைக்கு அது மூன்று மாதம் தமிழில் கழிவதற்கான ஏற்பாடு.

ஜூலை, ஆகஸ்டைத் தவிர்க்கலாம். ஐரோப்பியப் பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து குவியும் காலம் அது. பல பள்ளிகளில் நிலையான ஆசிரியர்கள் விடுப்பில் போய், கோடைக்கென்று அமர்த்தியவர்கள் பாடம் எடுப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது இழப்பில்லை, ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஊரில் இருக்கலாம்.

ஆசிரியர்களின் படிப்பைக் கேட்கத் தயங்காதீர்கள். பிரெஞ்சைத் தாய்மொழியாகப் பேசுவது ஒரு தகுதி, பிற நாட்டவருக்கு அதைச் சொல்லித்தரப் பட்டம் பெற்றிருப்பது வேறு தகுதி. இரண்டாவதுதான் வேண்டும். டெல்ஃப் தேர்வு மையம் அந்தப் பள்ளியிலேயே இருக்கிறதா, நீங்கள் தங்கும் வாரங்களில் தேர்வுத் தேதி வருகிறதா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். படிப்பு முடித்து ஊர் திரும்பிய பிறகு தேர்வுக்காகச் சென்னைக்குத் தனிப்பயணம் போவதைவிட, காது பழகியிருக்கும்போதே அங்கே எழுதிவிடுவது மேல்.

கடைசியாகப் பணம். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? நல்ல பள்ளிகள் பதிவுக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தூதரகத்தின் மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் மீதியைத் திருப்பிவிடும். இது எழுத்தில் வராமல் ஒரு யூரோவும் அனுப்ப வேண்டாம். அனுப்பும்போது வங்கி வழியாக, பள்ளியின் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்ப வேண்டும். பிரெஞ்சுக் கணக்கு எண் எஃப்.ஆர். என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். தனி மனிதர் பெயரில் கணக்குக் கொடுத்தால், எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விசாவும் கால அளவும்

எத்தனை நாள் என்பதைப் பொறுத்து விசா மாறும், அதைப் பொறுத்தே பள்ளியும் மாறும். 90 நாள் வரைக்கும் ஷெங்கன் குறுகியகால விசா போதும். 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. அங்கே போய் மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதற்கு மேல் தங்குவதென்றால் நீண்டகால விசா. மாணவராக ஒரு செமஸ்டர், ஒரு வருடம் போகிறவர்கள் பிரெஞ்சு அரசின் கேம்பஸ் பிரான்ஸ் அமைப்பு வழியாகப் பதிந்து, நேர்காணலுக்குப் போக வேண்டும். அந்த அமைப்புக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. பொதிகை ரயிலில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். மாணவர் விசாவில் வருடத்துக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனால் ஏ2 பிரெஞ்சோடு வேலை கிடைக்கும், அதிலேயே செலவை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் போகக்கூடாது. பிரான்ஸ் இறங்கிய மூன்று மாதத்துக்குள் அந்த விசாவை இணையத்தில் உறுதிசெய்துவிட வேண்டும். மறந்தால் சட்டப்படி தங்கும் உரிமை போய்விடும்.

நேர்காணலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஏன் இந்த ஊர், ஏன் இந்தப் பள்ளி, முடித்துவிட்டு என்ன? வீட்டில் அப்பா கேட்பதும் அதுதான். "ஏன்டா, இங்கேயே படிக்க முடியாதா?" என்று அவர் கேட்கும்போது அவருக்குப் புரியும்படி பதில் சொல்லப் பழகிவிட்டால், நேர்காணலுக்கு வேறு தயாரிப்பு வேண்டாம். "ஏ2 வரை இங்கே முடித்தேன், பேச்சு வர வேண்டும், அடுத்த வருடம் இந்தப் படிப்பில் சேர பி2 கேட்கிறார்கள்" என்பது போதும். ஏஜென்ட் எழுதிக்கொடுத்த ஒரு பக்கத்தை ஒப்பிக்கும் பிள்ளைகளை அங்கே நிறையப் பார்த்திருப்பார்கள்.

நம் ஊர் ஏஜென்ட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, ஓடியாடி வேலையை முடித்துத் தருபவர்கள் உண்டு. ஆனால் ஏஜென்ட்டுக்குப் பள்ளிகள் கமிஷன் தருகின்றன. அவர் கையில் உள்ள பட்டியல், கமிஷன் தரும் பள்ளிகளின் பட்டியல். பல்கலைக்கழக மையங்கள் அதில் அநேகமாக இருக்காது. பள்ளியை நீங்களே தேர்ந்தெடுங்கள், காகித வேலைக்கு உதவி வேண்டுமானால் அதற்கு மட்டும் கூலி பேசுங்கள்.

எங்கே தங்குவது

மொழி வகுப்பில் கால்வாசி வரும், மீதி தங்கும் இடத்தில் வரும் என்பது என் நம்பிக்கை. ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்பது தங்குமிடத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பது.

பாரிஸில் உறவினர் இருந்தால் அங்கே தங்கிவிடலாம் என்று முதலில் தோன்றும். வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டி லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர்கள் 1980-களிலிருந்து கட்டியெழுப்பிய ஒரு முழுக் கடைத்தெருவே இருக்கிறது. தோசை, காய்கறி, நகைக்கடை, மாணிக்க விநாயகர் கோயில், ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பிள்ளையாரின் தேர்: ஊரை விட்டு வந்த ஏக்கமே தெரியாது. போரிலிருந்து தப்பி வந்து, ஒரு சொல் பிரெஞ்சு தெரியாமல் தொடங்கி, அங்கே வாழ்வை நிலைநாட்டியவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை போய் அவர்கள் கடையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆனால் மூன்று மாதம் மொழி கற்க வந்தவர் அங்கே குடியிருந்தால் காலை காபி முதல் ராத்திரி வரை தமிழிலேயே போய்விடும்.

பிரெஞ்சுக் குடும்பத்தோடு தங்குவதுதான் பேச்சுக்கு நல்லது. பெரும்பாலான பள்ளிகளே ஏற்பாடு செய்யும். காலை உணவும் இரவு உணவும் சேர்த்துத் தருவார்கள். அந்த இரவுச் சாப்பாட்டு மேசைதான் உங்கள் உண்மையான வகுப்பு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அங்கே வாரநாட்களில் நீங்கள் தனி ஆளாக, வேறு எந்த மாணவரும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு மூன்று மாணவர்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும் வீடு, வீட்டுக்கும் விடுதிக்கும் நடுவில் இருக்கும். பள்ளியிலிருந்து தூரம், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஞாயிறு பேருந்து உண்டா என்பதையும் விசாரியுங்கள். சிறு நகரங்களில் ஞாயிறன்று கடை அடைப்பு, பேருந்தும் அரிது.

சைவச் சாப்பாடு சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகள் "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. முட்டை சாப்பிடுவீர்களா, மீன் சாப்பிடுவீர்களா, மாமிச எலும்பை வேகவைத்த சாறு சூப்பில் இருந்தால் ஆகுமா, ஜெலட்டின் சேர்த்த இனிப்பு ஆகுமா என்று ஒவ்வொன்றாக எழுதிப் பள்ளி வழியாகக் குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். பொதுவாக அவர்கள் மனம்கோணாமல் ஏற்பாடு செய்வார்கள். முதல் நாள் மேசையில் உட்கார்ந்து மறுப்பதுதான் இரு பக்கமும் சங்கடம்.

அந்தக் குடும்பத்துக்குப் பரிசாக ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எடுத்துப்போக எல்லோருக்கும் ஆசை. எடுத்துப்போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால், மாமிசப் பொருட்களைக் கொண்டுவரத் தடை உண்டு. சுங்கத்தில் பறித்து அழித்துவிடுவார்கள், அபராதமும் வரலாம். ராஜபாளையத்து மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் தாவரநலச் சான்று இல்லாமல் போகாது. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் போகும். பரிசுக்கு நல்ல பருத்தித் துண்டோ மேசைவிரிப்போ எடுத்துப்போங்கள்.

முதல் வாரம்

பள்ளியில் முதல் நாள் நிலைத்தேர்வை அடக்கமாக எழுத வேண்டாம், துணிந்தும் எழுத வேண்டாம், தெரிந்ததை எழுதுங்கள். எழுத்தில் நம் பிள்ளைகள் பேச்சைவிட ஒரு படி மேலே இருப்பது வழக்கம். அதனால் வகுப்பு முதலிரண்டு நாளில் பொருந்தவில்லை என்று தெரிந்தால் அந்த வெள்ளிக்கிழமைக்குள் பாட ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து மாற்றம் கேளுங்கள். முதல் வாரத்தில் வகுப்பு மாற்றுவது அங்கே சாதாரண விஷயம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். நம் பிள்ளைகள் ஆசிரியர் மனம் புண்படுமோ என்று பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் நடக்கிறது. ஆசிரியரிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு சிறு தாளில் பிரெஞ்சில் எழுதிக் கொடுங்கள். டெல்ஃப் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி பல மையங்களில் தேர்வுக்கு ஒரு மாதமோ அதற்கும் மேலோ முன்னதாக முடிந்துவிடும். ஆகவே அதே வெள்ளிக்கிழமை அந்தப் பதிவையும் முடித்துவிடுங்கள்.